எத்தனை பாடம் இருக்குன்னு கேட்காதீங்க

மஞ்சள் நடவைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இடையில ரெண்டு பேர், சென்னையில இருந்து ஒருத்தரும் பெங்களூர்ல இருந்து ஒரு அம்மாவும், ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க. பிள்ளையை ஆன்லைன் பள்ளிக்கூடத்துல சேர்க்க யோசிக்கிறாங்களாம். நிறைய பாடம் இருக்கு, பிடிச்சதை எடுத்துக்கலாம், அங்கீகாரமும் இருக்குன்னு சொல்றாங்களாம். "கிராமத்துல இதெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டிருந்தார்கள்.

மாட்டுச் சாணியைப் பத்திக் கேட்டா நாலு பக்கம் எழுதற ஆளுகிட்ட பள்ளிக்கூடத்தைப் பத்திக் கேட்கறாங்களேன்னு முதல்ல சிரிப்புத்தான் வந்தது. ஆனா யோசிச்சுப் பார்த்தா, போன வருசம் ஆனியில இருந்து புரட்டாசி வரைக்கும் எங்க வீட்டுல இதே பேச்சுத்தான் ஓடுச்சு. ஒண்ணு என் தங்கச்சி மகளுக்காக, இன்னொண்ணு எங்க டிராக்டர் ஓட்டற தம்பிக்காக. ரெண்டு பேரும் எடுத்த முடிவு நேர் எதிர். ரெண்டுமே சரியான முடிவுதான். அதனால அதையே எழுதிடறேன்.

தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது எங்க தோட்டத்துல இருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி. ஒண்ணரை ஏக்கர் பூமி, நாலு மாடு. மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி. போன வைகாசியில ஒரு நாள் ராத்திரி சொசைட்டிக் கூட்டம் முடிஞ்சு வண்டியில வந்தவருக்கு நாய் குறுக்கே வந்துடுச்சு. தொடை எலும்பு முறிஞ்சுபோய், கம்பி வெச்சாங்க. ஆறு மாசத்துக்குக் கால் ஊணக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அவங்களுக்கு ஒரே மக. ஊரே அம்மிணின்னுதான் கூப்பிடும், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அரசுப் பள்ளியில இங்கிலீஷ் மீடியம் செக்சன்ல பத்தாவது முடிச்சு, பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப்புல அப்பத்தான் சேர்ந்திருந்தாள். ஆசை ஒண்ணே ஒண்ணு, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பிஎஸ்சி அக்ரி. எங்க வம்சத்துல நாலு தலைமுறையா மண்ணைக் கிளறிட்டு இருக்கோம், அதைப் புத்தகத்துல படிக்கணும்னு சொன்ன முதல் ஆள் இவதான்.

நாலு மாட்டுல மூணு கறவை. கறவை மாடு இருக்கிற வீட்டுக் கணக்கு பட்டணத்துல இருக்கிறவங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். விடியக்காலம் நாலரைக்குக் கறக்கணும், ஆறு மணிக்கு சொசைட்டியில ஊத்தணும். மறுபடியும் சாயங்காலம் நாலு மணிக்குக் கறக்கணும். ஞாயித்துக்கிழமை, பொங்கல், இழவு, கல்யாணம் எதுக்கும் லீவு கிடையாது. நேரம் தப்பினா மடி கட்டிக்கும், பாலும் குறையும். அந்த மூணு மாட்டுப் பால் பணம்தான் அந்த வீட்டுக்கு வாராவாரம் வர்ற காசு. தங்கச்சி ஒருத்தியே மாப்பிள்ளையைத் தூக்கி உட்கார வெச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், தண்ணி கட்டி, மாட்டையும் பார்க்க முடியுமா? சாயங்கால வேலைக்கு அம்மிணி இருந்தாகணும். பள்ளிக்கூடம் விடறது நாலேகாலுக்கு, பஸ் பிடிச்சு வீடு சேர அஞ்சே முக்கால். ஜூலை மாசம் ஒரு திங்கக்கிழமை போகலை. அப்புறம் போகவே இல்லை.

யாரும் அவளைப் போகாதேன்னு சொல்லலைங்க. கிராமத்துல பொண்ணுக படிப்பு நிக்கறது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் நிறுத்த மாட்டாங்க, அதுவா நின்னுக்கும்.

ஆகஸ்ட் கடைசியில தங்கச்சி எங்க சாளைக்கு வந்தாள். கையில ஒரு கவர். அதுக்குள்ள கழுத்துச் சங்கிலி.

"அண்ணா, இதைக் கூட்டுறவு பேங்குல வெச்சு நாப்பத்தெட்டாயிரம் வாங்கித் தரணும். பாப்பாவை ஊட்டுல இருந்தே படிக்கிற பள்ளிக்கூடத்துல சேர்த்திடலாம்ங்ணா. போன்லயே பாடமாமா. மாட்டையும் பார்த்துக்கலாம், பன்னெண்டாவதும் முடிச்சிடலாம். ஒரே வருசத்துல முடிச்சுத் தர்றாங்களாமா."

அம்மிணி போன்ல அந்தப் பள்ளிக்கூடத்து விளம்பரத்தைக் காட்டினாள். பேர் சொல்ல வேண்டாம். பளபளன்னு இருந்தது. முப்பதுக்கும் மேல பாடம், பிடிச்சதைத் தேர்ந்தெடுங்க, அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் தனியார் பள்ளி, அமெரிக்கா வரைக்கும் செல்லும் சான்றிதழ். கீழே பாடப் பட்டியல். இயற்பியல், வேதியியல், கணக்குல ஆரம்பிச்சு உளவியல், ஓவியம், மனையியல், வெகுஜனத் தொடர்பியல், சட்ட அறிமுகம், டேட்டா என்ட்ரி வரைக்கும். எங்க ஊர் அரசுப் பள்ளியில மொத்தமே நாலு குரூப்புதான். அம்மிணி கண்ணுல அந்தப் பட்டியல் தேர்க்கடை மாதிரி மின்னுச்சு. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. பதினாறு வயசுல எல்லாம் இருக்கிற கடைதானே நல்ல கடை?

"அவங்க என்ன பாடம் எடுக்கச் சொன்னாங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ், மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி, வெகுஜனத் தொடர்பியல். இதுன்னா சுலபமா பாஸ் பண்ணிடலாம்னு அந்த மேடம் சொன்னாங்க மாமா."

"அப்ப அக்ரி?"

"டுவெல்த் பாஸ் ஆனாப் போதும்னாங்க."

பணத்தைப் பத்தி அன்னிக்கு ஒண்ணும் பேசலை. சங்கிலியைத் திருப்பிக் கையில கொடுத்து, ரெண்டு நாள் பொறுன்னு அனுப்பிட்டு, எங்க ஊர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் அவர் வாத்தியாரய்யாதான். எண்பது வயசு நெருங்குது. காது கொஞ்சம் மந்தம், மத்ததெல்லாம் தீட்டின அரிவாள். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, கடையில எத்தனை சரக்கு இருக்குன்னு பார்க்காதே. பில்லு யார் பேர்ல வருதுன்னு பாரு."

அவர் பக்கத்துல உட்கார்ந்தே அந்த விளம்பர நம்பருக்குப் போட்டேன். ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யாருங்க?"

"கவர்மென்ட் ரெகக்னைஸ்டு சார்."

"சரிங்க. கடைசியில வர்ற மார்க் சீட்டுல யார் பேர் இருக்கும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்ஐஓஎஸ் சார்."

"அப்ப நாப்பத்தெட்டாயிரம் எதுக்குங்க?"

"லைவ் கிளாஸ், டவுட் கிளியரிங், ஆப், அட்மிஷன் சப்போர்ட் எல்லாம் சேர்த்து சார்."

அந்தப் பொண்ணு பொய் சொல்லலைங்க. கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு. ஆனா கேட்கலைன்னா வந்திருக்காது.

என்ஐஓஎஸ்ங்கிறது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழே வர்றது. 1979-ல சிபிஎஸ்இ ஒரு சோதனைத் திட்டமா ஆரம்பிச்ச திறந்தநிலைப் பள்ளிதான் இதுக்கு வேர். 1989-ல தேசியத் திறந்தநிலைப் பள்ளின்னு தனி அமைப்பாச்சு, 2002-ல இப்ப இருக்கிற பேர் வந்தது. சிபிஎஸ்இ மாதிரி இதுவும் ஒரு வாரியம். பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சையை அவங்களே நடத்தி அவங்களே சான்றிதழ் தர்றாங்க. 2021 ஆகஸ்ட்ல இணையம் வழியாவே நடக்கிற ஒரு பள்ளியையும் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருசம் டெல்லி அரசு தன்னோட இணையப் பள்ளியைத் தொடங்கி இதுதான் நாட்டுலேயே முதல்னு சொன்னப்ப, நாங்க போன வருசமே ஆரம்பிச்சிட்டோம்னு இவங்க மறுப்புச் சொன்னது செய்தியில வந்தது.

இதுல நேரா நாமளே சேர்ந்துக்கலாம். ஏஜென்ட் வேண்டாம். கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். புத்தகம் அவங்களே தர்றாங்க, இணையத்துலயும் இருக்கு. ஸ்வயம் தளத்துல பாடங்களும் இலவசம். அந்த முப்பது பாடப் பட்டியல், எங்களை அசர வெச்ச அதே பட்டியல், உண்மையில இவங்க பட்டியல்தான்.

இங்கே 'அங்கீகாரம்'ங்கிற சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். ஒரே சொல்லுக்கு மூணு அர்த்தம் ஓடுது.

ஒண்ணு, பரீட்சை வெச்சுச் சான்றிதழ் தர்ற உரிமை. அது வாரியத்துக்குத்தான் உண்டு. மாநில வாரியம், சிபிஎஸ்இ, என்ஐஓஎஸ் மாதிரி.

ரெண்டாவது, என்ஐஓஎஸ்ஸோட படிப்பு மையம். ஊர் ஊருக்குச் சில பள்ளிகளை இவங்க மையமா வெச்சிருக்காங்க. நேர்முக வகுப்பு, செய்முறை எல்லாம் அங்கேதான். அந்த மையங்களுக்கு இங்கிலீஷ்ல பேரே 'அக்ரெடிடெட் இன்ஸ்டிட்யூஷன்'. ஒரு தனியார் பள்ளி அப்படி மையமா இருந்தா, தன்னை அக்ரெடிடெட்னு போட்டுக்கிறதுல பொய் இல்லை. ஆனா அதனால அது வாரியம் ஆயிடாது.

மூணாவது, அமெரிக்க அங்கீகாரம். அங்கே பள்ளிகளைப் பரிசோதிச்சு அங்கீகாரம் தர்றது பெரும்பாலும் அரசாங்கம் இல்லை, காக்னியா மாதிரி லாப நோக்கில்லாத தனி அமைப்புகள். அங்கே அதுக்கு மதிப்பு உண்டு. ஆனா வெளிநாட்டு வாரியத்துல படிச்சுட்டு இங்கே கல்லூரியில சேரணும்னா, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தோட இணைத்தன்மை விதிக்கு அது பொருந்தணும். அமெரிக்காவுல செல்லும்ங்கிறது கோயமுத்தூர்ல செல்லும்னு அர்த்தம் ஆகாது.

சந்தையில மாடு வாங்கறப்ப பல்லைப் பார்க்கறோம், சுழி பார்க்கறோம். நாப்பத்தெட்டாயிரத்துக்குப் படிப்பு வாங்கறப்ப ஒரு சொல்லையாவது பிரிச்சுப் பார்க்கலாமில்ல?

அடுத்தது பாடம். வாத்தியாரய்யா ஒரு துண்டுக் காகிதத்துல மேல 'அக்ரி'ன்னு எழுதினார். அதுல இருந்து கீழே வந்தார். அக்ரிக்கு அடியில இயற்பியல், வேதியியல், உயிரியல். கூடக் கணக்கு. "அங்கிருந்து இங்க வா தம்பி. இங்கிருந்து அங்க போகாதே. பொண்ணு போய்ச் சேரணும்கிற வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள விட என்ன கேட்கறாங்கன்னு பாரு. அதுதான் பாடம்."

என்ஐஓஎஸ்ல பன்னெண்டாவதுக்கு அஞ்சு பாடம் வேணும். அதுல ஒண்ணாவது மொழிப்பாடம். வேணும்னா மேல ரெண்டு சேர்த்துக்கலாம். ஆக இங்கிலீஷ், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்குன்னு எடுத்தாலும் அஞ்சுதான். அந்த மேடம் சொன்ன இங்கிலீஷ், மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி, வெகுஜனத் தொடர்பியலும் அஞ்சுதான். ரெண்டுக்கும் அதே வாரியம், அதே மாதிரி சான்றிதழ். ரெண்டுமே டுவெல்த் பாஸ். ஆனா முதல் அஞ்சுல அக்ரி வாசல் தெரியுது. ரெண்டாவது அஞ்சுல அது சாத்தியே கிடக்கு. அதைச் சாத்தினது யாருன்னு அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, விண்ணப்பம் போடற அன்னிக்குத்தான் தெரியும்.

மனையியல், ஓவியமெல்லாம் மட்டம்னு சொல்லலைங்க. ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கப் போற பிள்ளைக்கு ஓவியம்தான் சரி. பத்திரிகைக்குப் போற பிள்ளைக்கு வெகுஜனத் தொடர்பியல் அமிர்தம். களிமண்ணுக்கு நெல்லு, செம்மண்ணுக்குக் கடலை. எது உசத்தின்னா என்ன பதில் சொல்றது?

இன்னும் ரெண்டு விசயம் தெரிஞ்சது. பத்தாவது பாஸ் பண்ணி ரெண்டு வருசம் ஆகாம அஞ்சு பாடமும் முடிச்சு பன்னெண்டாவது சான்றிதழ் வாங்க முடியாது. அம்மிணி பத்தாவது முடிச்சே நாலு மாசம்தான் ஆச்சு. ஆக, 'ஒரே வருசத்துல'ங்கிற பேச்சு அவளுக்குப் பொருந்தாது. அப்புறம், இயற்பியல், வேதியியல், உயிரியல்னா செய்முறை உண்டு. பிப்பெட்ல உறிஞ்சறதையும் தவளைப் படத்தைப் பார்க்கறதையும் போன்ல பார்த்துட்டா ஆச்சா? அதுக்கு ஆய்வகம் இருக்கிற மையத்துக்கு நேர்ல போகணும். வீட்டுல இருந்தபடியேங்கிறது கலைப் பாடத்துக்குக் கிட்டத்தட்டச் சரி, சயின்ஸுக்குச் சரியில்லை.

சரி, சங்கிலி வேண்டாம், நேரா நாமளே சேர்ந்து சயின்ஸ் எடுத்துப் படிக்கட்டும்னு நான் முடிவுக்கு வந்தப்பத்தான் வாத்தியாரய்யா கடைசிச் சீட்டை இறக்கினார்.

"ஏழரை சதவீதம் ஞாபகம் இருக்கா?"

தமிழ்நாட்டுல ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-ல வந்தது. 2021-ல அதை என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம்னு விரிச்சாங்க. அம்மிணி ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. பத்தாவது வரைக்கும் அஞ்சு வருசம் முடிச்சிட்டாள். இன்னும் ரெண்டே வருசம். இப்ப வெளியே வந்து எந்த ஆன்லைன் பள்ளியில படிச்சாலும், எத்தனை மார்க் எடுத்தாலும், அந்த அஞ்சு வருசமும் அந்தக் கணக்குல சேராது.

அதோட புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர்ல தொடங்கினது. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா, படிப்பு முடியற வரைக்கும் மாசம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பட்டணத்துல ஆயிரம் ரூபாய் ஒரு ராத்திரிச் சாப்பாடா இருக்கலாம். இங்கே அது ஒரு பொண்ணு அப்பன்கிட்டக் கேட்காம பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் செலவு பண்ற காசு.

இந்த ரெண்டும் எந்த விளம்பரத்துலயும் இருக்காது. எதைச் சேர்ந்தா என்ன கிடைக்கும்னு எழுதுவாங்க. எதை விட்டுட்டு வந்தா என்ன போகும்னு யார் எழுதுவாங்க?

அன்னிக்கு ராத்திரி தங்கச்சி வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். மாப்பிள்ளை படுத்தபடியே கேட்டுட்டு இருந்தார். கடைசியில அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எல்லாம் சரிங்க மச்சான். நாலு மணிக்கு மாட்டை யார் கறக்கறது?"

அதுதாங்க உண்மையான கேள்வி. பள்ளிக்கூடத்தை நிறுத்தினது பாடமும் இல்லை, பணமும் இல்லை. மூணு மாட்டு மடி. அதுக்குப் பதில் எந்தப் பாடப் பட்டியல்லயும் இருக்காது.

பதில் சொன்னது என் வீட்டுக்காரம்மா. "ரெண்டு மாட்டை நம்ம கட்டுத்தரைக்கு ஓட்டிட்டு வந்திடுங்க. ஆறு கறக்கற கை எட்டு கறக்காதா?" அடுத்த நாளே ரெண்டு கறவையை ஓட்டி வந்தோம். மிச்சம் ஒரு கறவையும் ஒரு சினை மாடும் தங்கச்சிகிட்ட. ஒரு மாடுன்னா அவ சமாளிச்சுக்குவா. எங்க கட்டுத்தரையில கறந்த பாலைத் தனிக் கேன்ல எடுத்துட்டுப் போய், சொசைட்டியில தங்கச்சி பேர்லயே ஊத்தினோம். பால் பணம் அவ கணக்குக்கே போச்சு. தீவனத்துக்கு மட்டும் தங்கச்சி பாதி கொடுத்தாள், வேண்டாம்னாலும் கேட்கலை. மாசி வரைக்கும் அப்படி ஓடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, எங்க வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஆறு மாசமும் இடுப்பு ஒடிஞ்சுது.

பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரம்மா வருகைப் பதிவேட்டை எடுத்துக் கணக்குப் போட்டாங்க. நாப்பது நாளைக்கு மேல போயிருந்தது. எழுபத்தஞ்சு சதவீதம் வேணும். "இனிமே ஒழுங்கா வந்தாத் தேறிடும். காய்ச்சல்னாலும் வந்து பெஞ்சுல படுத்துக்கோ"ன்னாங்களாம். புரட்டாசி ரெண்டாவது வாரம் அம்மிணி மறுபடியும் பஸ் ஏறினாள். முதல் ரெண்டு மாசம் கெமிஸ்ட்ரியில தடுமாறினாள். இப்ப பதினொண்ணாவது முடிச்சிட்டாள். அடுத்த வருசம் இந்நேரம் அக்ரிக்கு விண்ணப்பம் போட்டிருப்பா. கிடைக்குதா இல்லையாங்கிறது அவ மார்க்கைப் பொறுத்தது. வாசல் தொறந்திருக்கு, அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது.

இப்ப டிராக்டர் தம்பி கதை. எங்ககிட்ட ஏழு வருசமா வண்டி ஓட்டறான். வயசு இருபத்தாறு. எட்டாவது முடிச்சு ஒன்பதாவதுல பாதியில நின்னவன். நின்ன டிராக்டரைச் சத்தத்தை வெச்சே எங்கே கோளாறுன்னு சொல்லிடுவான். டீசல் மெக்கானிக் ஐடிஐ படிக்கணும்னு ஆசை. அதுக்குப் பத்தாவது வேணும். இந்த வயசுல எந்தப் பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது பெஞ்சுல போய் உட்காருவான்?

அம்மிணிக்காக நாங்க பேசின பேச்சையெல்லாம் கேட்டுட்டே கேன் தூக்கிட்டு இருந்தவன், ஒரு நாள் மெதுவா வந்து, "ஏனுங்ணா, பாப்பாவுக்கு வேண்டாம்னு வெச்ச அந்த ஸ்கூலு எனக்கு ஆகுங்களா?"ன்னான்.

அவனுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தது. என்ஐஓஎஸ்ல பத்தாவது சேரப் பதினாலு வயசு ஆகியிருந்தாப் போதும், மேல வரம்பு கிடையாது. ஒரு தடவை சேர்ந்தா அஞ்சு வருசம் செல்லும், அதுக்குள்ள ஒன்பது தடவை பரீட்சை எழுதலாம். ஏப்ரல்-மே ஒரு தடவை, அக்டோபர்-நவம்பர் ஒரு தடவை. அஞ்சு பாடத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்லை. ரெண்டு எழுதி பாஸ் ஆனா அது கணக்குல நிக்கும், மிச்சத்தை அடுத்த தடவை. பத்தாவதுக்குத் தமிழ்லயே எழுதலாம். வீட்டுல எழுதிக் கொடுக்கிற ஒப்படைப்புக்கு இருபது சதவீதம் மதிப்பெண் உண்டு. மஞ்சள் வெட்டு தை, மாசி, பங்குனியில முடிஞ்சிடும். ஏப்ரல் பரீட்சை உழவனுக்குன்னு பார்த்து வெச்ச மாதிரி.

பாடம் தேர்வு பண்றப்ப அவனுக்கும் அதே சபலம் வந்தது. இதுல பத்தாவதுக்குக் கணக்கு கட்டாயம் இல்லைங்க, அதை விட்டுட்டும் அஞ்சு பாடம் எடுக்கலாம். கணக்குல பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது எப்படி இருக்கும்? "மனையியல், டேட்டா என்ட்ரி போட்டுக்கறேன்ணா"ன்னு சிரிச்சான். வாத்தியாரய்யா அதே துண்டுக் காகிதத்தை எடுத்தார். மேல 'டீசல் மெக்கானிக்'னு எழுதினார். கீழே பத்தாவது பாஸ், கணக்கும் அறிவியலும் சேர்த்து. அவ்வளவுதான். சிரிப்பு நின்னுடுச்சு.

தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். இந்த ஏப்ரல்ல தமிழும் சமூக அறிவியலும் எழுதியிருக்கான், முடிவுக்குக் காத்திருக்கோம். கணக்கு அக்டோபருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு வாத்தியாரய்யா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பின்னம் போடறான். "பெட்ரோல்ல ஆயில் கலக்கற விகிதம் தெரியுது, இது தெரியாதாடா?"ன்னு அவர் சத்தம் போடறது ரோட்டுக்குக் கேட்கும்.

ஒரே பள்ளி, ஒரே பட்டியல். ஒருத்திக்கு அது இருக்கிற கதவைச் சாத்தியிருக்கும். இன்னொருத்தனுக்கு இல்லாத கதவைத் திறந்து விட்டிருக்கு.

கேள்வி கேட்ட ரெண்டு பேருக்கும், அதே நிலைமையில இருக்கிற மத்தவங்களுக்கும் என் பதில் இதுதான்.

முதல்ல, மார்க் சீட்டுல யார் பேர் இருக்கும்னு கேளுங்க. சுத்தி வளைச்சுப் பதில் வந்தா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அந்த வாரியத்துல நேரா சேர என்ன கட்டணம்னு பாருங்க. மிச்சப் பணம் கோச்சிங்குக்குன்னு புரிஞ்சுக்கிட்டு, அந்தக் கோச்சிங் அவ்வளவு பெறுமான்னு யோசிங்க. சில பிள்ளைகளுக்குப் பெறும், பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாத வீடுக எத்தனையோ.

ரெண்டாவது, பாடத்தைப் பிள்ளை போகப் போற வாசல்ல இருந்து திரும்பிப் பாருங்க. அந்தக் கல்லூரியோட, அந்த வேலையோட விதிப் புத்தகத்தை நீங்களே படிங்க. வாரியத்துக்கு அங்கீகாரம் இருக்குங்கிறது வேற, அந்தந்த வாசல்காரர் விதி வேற. 2018-ல திறந்தநிலைப் பள்ளிப் பிள்ளைக நீட் எழுதக்கூடாதுன்னு விதி போட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் போய்த்தான் அது ரத்தாச்சு. மாநில அரசு வேலைன்னா அன்னிக்கு நடப்புல இருக்கிற அரசாணையைப் பார்த்துட்டு இறங்குங்க. எங்க போறதுன்னு பிள்ளைக்கே இன்னும் தெரியலையா? அப்ப அதிக வாசலைத் திறந்து வைக்கிற பாடமா எடுங்க, சுலபமா பாஸ் ஆகிறதா எடுக்காதீங்க.

மூணாவது, இப்ப இருக்கிற இடத்தை விட்டா எது போகும்னு ஒரு காகிதத்துல எழுதுங்க. ஒதுக்கீடு, உதவித்தொகை, ஆய்வகம், மதியம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடற சிநேகிதி, எல்லாம்.

கடைசியா, பிள்ளை ஏன் வீட்டுல இருந்து படிக்கணும்னு வந்தது, அந்தக் காரணத்தை முதல்ல பாருங்க. எங்க வீட்டுல அது மாடு. உங்க வீட்டுல உடம்பு சரியில்லாம இருக்கலாம், பள்ளிக்கூடத்துல யாராவது கேலி பண்ணியிருக்கலாம், விளையாட்டா இருக்கலாம், ஊர் மாத்தலா இருக்கலாம். சிலதுக்கு ஆன்லைன் பள்ளிதான் சரியான மருந்து. சிலதுக்கு ரெண்டு மாட்டை ஓட்டிட்டு வந்தாப் போதும்.

மாப்பிள்ளை இப்பக் கைத்தடியோட வயல் வரைக்கும் போறார். மாடுக பங்குனியில வீட்டுக்குப் போயிடுச்சு. சங்கிலி தங்கச்சி கழுத்துலயே இருக்கு. அடுத்த வாரம் கட்டாயம் மஞ்சள் நடவு.